பெட்டிமேல் உன் பெயர்

என் செல்ல மகனுக்கு,

சாப்பாட்டுத் தட்டோடு இன்றைக்கும் ஒரு வீடியோ கேம் பெட்டி வைத்திருக்கிறேன். இது நான்காவது.

நீ வேலைக்குப் போவாய் என்று நினைத்துத்தான் பதினோரு வருடத்துக்கு முன் உன் சின்ன வயதுப் பெட்டிகளையெல்லாம் குப்பையில் போட்டேன். நீயோ அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டவன், இன்னும் வெளியே வரவில்லை. இப்போது ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிச் சேர்க்கிறேன். மூன்று தடவையும் கதவுக்குப் பின்னாலிருந்து, "இது என்னோடது இல்ல" என்றாய். உன்னுடையதில் நான்தானே பெயர் எழுதித் தந்தேன்?

பழைய சாமான்கள் விற்கும் ஓசு கடைத்தெருவில் இதை விற்றவர், "அட்டை கசங்காத பெட்டிம்மா. கிறுக்கிடாதீங்க, மதிப்பே போயிடும்" என்றார். எழுதிவிட்டேன். யோஷிதகா, இரண்டாம் வகுப்பு.

என் கை இப்போது நடுங்குகிறது. எழுத்து பழையபடி வரவில்லை; இப்போது எழுதியதுதான் என்று பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிடும். மிசோ சூப் ஆறுவதற்குள், தெரியாததுபோல் உள்ளே எடுத்துக்கொள்ளப்பா.

அம்மா