எங்கள் கதவில் நிற்கும் வேட்பாளர்

பிப்ரவரி 26, திங்கள்

காமென் போய் ஆறு மாதம். அச்சகத்திலிருந்து புது அஞ்சலி நோட்டீஸ்கள் வந்தன. அதே படம், அதே தொப்பி, மூலையில் அதே சிலுவை. கட்டடத்து வாசலில் ஒன்று, இரண்டாம் மாடியில் எங்கள் கதவில் ஒன்று, பஸ் நிறுத்தத்து மரத்தில் ஒன்று ஒட்டினேன். மரத்தில் ஒட்டும்போது பசை கோட்டிலும் பட்டுவிட்டது. ஊரைச் சிரிக்கவைக்க வாராவாரம் பத்தி எழுதுகிறவள், புருஷனோடு தானும் மரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. துக்க வீட்டுக்காரி என்ற மரியாதை.

எதிர்வீட்டுப் பென்கா எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியும் இதே படமா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு." உள்ளே போய்விட்டாள். பென்கா இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

காமெனின் தம்பி ஸ்தோயன் இன்றும் வரவில்லை. வியாழன்தோறும் மீனோடு வந்து சமையலறையைச் செதிலாக்கிவிட்டுப் போகிறவன், நாற்பதாம் நாளுக்குப் பிறகு படியே ஏறவில்லை. அண்ணன் போனதும் அண்ணி யாரோ. போகட்டும். எனக்கென்று மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான் என்று நானே போய்ச் சொல்லவா முடியும்?

நாளை காலி அறைக்கு ஒரு இந்தியப் பெண் வருகிறாள், இரண்டு வாரத்துக்கு. வாடகை ஒரு சாக்கு. கொதிகலன் இருமினால் காமென் இருமுவது போல இருக்கிறது. வேறு யாராவது இந்த வீட்டில் இருமினால் தேவலை.

பிப்ரவரி 27, செவ்வாய்

பெயர் ஜுனாலி. அசாமில் ஜோர்ஹாட் என்ற ஊர். முதுகுப்பை அவளைவிடப் பெரிது. என்னை ஆன்ட்டி என்கிறாள். அக்கா என்று ஒரு சொல் அவர்கள் மொழியில் கட்டாயம் இருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் மறந்திருப்பாள்.

வந்தவுடன் தேநீர் போட்டாள். இங்கே தேநீர் காய்ச்சல்காரர்களுக்கு. மணம் எதிர்வீட்டுக்குப் போய், பென்கா தைலத்தோடு வந்து நின்றாள். "பாவம், வந்த அன்னைக்கேவா?"

ஊரில் பார்த்ததையெல்லாம் பெண் கைபேசியில் அம்மாவுக்குப் பேசி அனுப்புகிறாள். பிறகு எனக்கும் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுகிறாள்.

"அம்மா, இந்த ரூசே ஊர்ல பூனைங்க எல்லாம் ஆபீசுக்குப் போற மாதிரி நடக்குதுங்க. ஆளுங்கதான் பெஞ்சுல தூங்கறாங்க. அப்புறம் இங்க ஏதோ தேர்தல் போல. கதவு, மரம், பஸ் ஸ்டாப், எங்க பாத்தாலும் வேட்பாளர் படம். எல்லாம் வயசானவங்க. ஒருத்தர்கூட சின்ன வயசு இல்ல. எல்லாரும் ஒரே கட்சி, சிலுவைச் சின்னம்."

என்னிடம் திரும்பினாள். "உங்க கதவுல இருக்கறவர் ஜெயிப்பாரா ஆன்ட்டி?"

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "போட்டி கடுமை," என்றேன். "ஆனா இந்தக் கட்சியில நின்னவங்க யாரும் தோத்ததில்ல."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சிரித்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவை. எந்த இடத்தில் அது அழுகையானது என்று கவனிக்கவில்லை.

மார்ச் 1, வெள்ளி

மார்ச் பிறந்தது. சிவப்பு வெள்ளை நூலை அவள் மணிக்கட்டில் கட்டினேன். பூத்த மரத்தையோ நாரையையோ பார்க்கும் வரை கழற்றக்கூடாது என்றேன். பதிலுக்குத் தலையை ஆட்டினாள். நாங்கள் ஆமாம் என்பதற்குப் பக்கவாட்டிலும் இல்லை என்பதற்கு மேலும் கீழும் ஆட்டுகிறோம். இவள் ஆட்டுவது இரண்டிலும் சேராமல் எட்டு போடுகிறது. காலையில் இவளுக்கு ரொட்டி வேண்டுமா வேண்டாமா என்று புரியாமல் ரொட்டிக்கடைக்காரி பணப்பெட்டியை மூடிவிட்டு வெளியே போய் சிகரெட் பிடித்தாளாம்.

எனக்குக் கட்டிவிட ஆளில்லை. ஒவ்வொரு வருஷமும் காமென் கட்டுவான், பல்லால் இழுத்து. ஜுனாலியே என் கையைப் பிடித்துக் கட்டினாள். நல்ல இறுக்கம்.

மார்ச் 2, சனி

சாயங்காலம் படியில் காலடி. எங்கள் கதவு வரை வந்தது. நின்றது. தட்டவில்லை. திறந்தேன், யாருமில்லை. ஆற்று மீன் வாசம்.

மார்ச் 3, ஞாயிறு

பகலிலேயே எழுதிவிடுகிறேன்.

கதவில் இருக்கும் காமென் என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. ஏதோ சொல்ல வந்து விழுங்கிய மாதிரி. உயிரோடு இருந்தவரை அவன் எதையும் விழுங்கியதில்லை; கோபம் வந்தால் பென்கா வீட்டுக் கண்ணாடிகூட அதிரும். போனபிறகு ஆட்கள் மாறுவார்களா? இல்லை, நான் மறக்க ஆரம்பித்துவிட்டேனா?

மார்ச் 4, திங்கள்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

ஜுனாலி குதித்துக்கொண்டு வந்தாள். "ஆன்ட்டி, உங்க வேட்பாளரைப் பாத்துட்டேன். ஆத்தங்கரையில மீன் பிடிச்சிட்டு இருந்தார். என் ஓட்டு உங்களுக்குத்தான்னு சொன்னேன். தூண்டிலைக் கீழ போட்டுட்டார்."

"யாரை?"

"கதவுல இருக்கறவரைத்தான். கொஞ்சம் இளைச்சிருக்கார். கப்பல்ல வேலை பாத்தாராம், இங்கிலீஷ் பேசறார். உங்ககூட ஒரு படம்னு கேட்டேன். வேண்டாம்மா, எடுத்த ஒரு படமே ஊர் பூரா ஒட்டியிருக்குன்னாரு. நல்ல தமாஷ் ஆளு."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன். அது தேர்தல் இல்லை. மரத்தில் இருப்பவர்கள், பஸ் நிறுத்தத்தில் இருப்பவர்கள் எல்லாரும் செத்தவர்கள். கதவில் இருப்பது என் புருஷன்.

அவள் முகம் வெளிறியது. "நான் எல்லாருக்கும் கையசைச்சேனே ஆன்ட்டி. அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேனே." அழுதாள். விளையாட்டுக்கு மறைத்தது நான். அழுகிறது அவள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு: "ஆனா அவர் இருந்தார் ஆன்ட்டி. எனக்கு சூரியகாந்தி விதை கொடுத்தார்." கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். வறுத்த விதை. உப்பு போட்டது. காமென் தின்கிற மாதிரி.

மார்ச் 5, செவ்வாய்

பத்தி எழுதவில்லை. உடம்பு சரியில்லை என்று ஆசிரியருக்குச் சொல்லிவிட்டேன். சாவு வீட்டில் செய்வது போல முன்னறைக் கண்ணாடியைத் துணியால் மூடினேன். பிறகு எடுத்தேன். பிறகு மூடினேன். விதையை யாரும் தொடவில்லை.

மார்ச் 6, புதன்

போனோம். ஜுனாலி என் கையை விடவேயில்லை.

படித்துறையில் அவன் முதுகு தெரிந்தது. ஒரு தோள் இறங்கிய அந்த நிற்பு. தலையில் அந்தத் தொப்பி. "காமென்," என்று கூப்பிட்டுவிட்டேன். ஐம்பத்து நாலு வயசுப் பெண்பிள்ளை, பட்டப்பகலில்.

திரும்பினான். ஸ்தோயன்.

"அண்ணன் இல்ல அண்ணி. நான்தான்."

"அவன் தொப்பி உன்கிட்ட எப்படி?"

"நீதானே அடக்கத்தன்னைக்கு என் கையில கொடுத்தே." தொப்பியைக் கழற்றினான். இடது புருவத்தில் தழும்பு, சின்ன வயசில் தூண்டில் முள் கிழித்தது. கதவில் இருக்கும் முகத்திலும் அது இருக்கிறது. தினமும் பார்த்தேன். மேலே தொப்பி இருந்தது, கீழே மீசை இருந்தது. நடுவில் முகம் என்று ஒன்று இருந்ததே.

"அந்தப் படம் நான்," என்றான். "வெயில் கண்ணுல அடிக்குதுன்னு அண்ணன் தன் தொப்பியைக் கழட்டி என் தலையில வெச்சு எடுத்தான்."

"அடப்பாவி. ஆறு மாசமா வாயில என்ன வெச்சிருந்தே?"

"எப்படிச் சொல்றது? நீ அதைப் பிடிச்சிட்டு அழுதுட்டிருந்தே. அழறவகிட்டப் போய், இது உன் புருஷன் இல்ல, நீ என்னைப் பாத்து அழறேன்னா சொல்றது? கஃபேல என் ஆத்மா சாந்திக்குன்னு எனக்கே ராகியா சாராயம் ஊத்தறாங்க. பல் டாக்டர், உனக்கு இனி பல் எதுக்குய்யாங்கறார். சிரிச்சிட்டுத்தான் இருந்தேன். ஆனா உன் வீட்டுப் படி ஏறி வந்தா, என் மூஞ்சிக்குக் கீழ அண்ணன் பேரு. தட்டக் கை வரல அண்ணி. போன சனிக்கிழமைகூட வந்தேன்."

"மீன் வாசம் வந்துது."

"கெண்டை. பூனைக்குப் போட்டுட்டுப் போயிட்டேன்."

ஜுனாலிக்கு எங்கள் மொழி ஒரு வார்த்தை புரியாது. இரண்டு பேருக்கும் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் பென்காவைப் பிடித்தேன். "உனக்குத் தெரியுமா?"

"கட்டடத்துக்கே தெரியும் ருமியானா. நீ சொல்லு, நீ சொல்லுன்னு ஒருத்தரை ஒருத்தர் தள்ளிவிட்டுட்டு இருந்தோம்."

மார்ச் 7, வியாழன்

ஸ்தோயன் வந்தான். தட்டினான். கதவு நோட்டீஸை நானும் அவனும் சேர்ந்து கிழித்தோம். தன் முகத்தைத் தானே சுரண்டுவது கூசுகிறது என்று மீசையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை ஆத்மாக்கள் தினம். அதற்குள் காமெனின் சரியான படம் வேண்டும். பெட்டிகளையெல்லாம் கவிழ்த்தோம். நான், ஸ்தோயன், பென்காவின் செத்துப்போன நாய், எங்கள் பழைய கார் நான்கு கோணத்தில். காமென் இல்லை. ஒன்றில்கூட இல்லை. கேமரா அவன் கையில்தானே இருந்தது. இத்தனை வருஷம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவனைப் பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜுனாலிதான் நோட்டீஸில் இருந்த அந்தப் படத்தின் முழுப் பிரதியை எடுத்து நீட்டினாள். அச்சகத்தில் வெட்டிய கீழ்ப்பாதி அதில் இருந்தது. புல்தரை, தூண்டில். புல்லின் மேல் நீளமாக ஒரு நிழல். தொப்பி இல்லாத தலை, இரண்டு பக்கமும் தூக்கிய முழங்கை.

"இவர்தானே ஆன்ட்டி?"

மார்ச் 8, வெள்ளி

அச்சகக்காரர்: "நிழலுக்கு மூஞ்சி இல்லையேம்மா."

"மூஞ்சி போட்டுப் பாத்தாச்சு," என்றேன்.

மார்ச் 9, சனி

கல்லறைக்கு மூவரும் போனோம். ஜுனாலி பூ வாங்கினாள். செத்தவர்களுக்கு இரட்டைப்படையில் வாங்க வேண்டும் என்று நான் சொல்லும் முன்பே கடைக்காரியிடம் சைகையில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். ஸ்தோயன் மண்ணில் ஒயின் ஊற்றினான். வேகவைத்த கோதுமையைப் பக்கத்துக் கல்லறைக்காரர்களுக்குக் கொடுத்தேன். ஒரு கிழவி வாங்கிக்கொண்டு ஸ்தோயனை நிமிர்ந்து பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், இரண்டு தடவை.

வீடு திரும்பிக் கதவில் புது நோட்டீஸை ஒட்டினேன். பென்கா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். பெயரைப் படிக்கவேயில்லை.

"காமென். அந்த முழங்கை பஸ்ல என் விலாவுல எத்தனை தடவை குத்தியிருக்கு."

மார்ச் 12, செவ்வாய்

ஜுனாலி கிளம்பினாள். அவள் போகும் பாதையில் வாசலில் தண்ணீர் கவிழ்த்தேன், பயணம் தண்ணீர் போல ஓடட்டும் என்று. பாதி அவள் செருப்பில். நூல் இன்னும் அவள் கையில் இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

ஜுனாலி செர்பியாவிலிருந்து பேசி அனுப்பியிருக்கிறாள். "ஆன்ட்டி, பூத்த மரம் பாத்துட்டேன், நூலைக் கழட்டி அதுல கட்டிட்டேன். இங்கேயும் கதவுல ஒட்டறாங்க. யாருக்கும் ஓட்டு போடல. ஒவ்வொருத்தர் முன்னாடியும் நின்னு முகத்தைப் பாத்துட்டுத்தான் போறேன். ரொம்ப நேரமாகுது, பஸ்ஸைத் தவற விட்டுடறேன்."

வியாழன்தோறும் ஸ்தோயன் வருகிறான். சமையலறை பூராவும் செதில்.

இன்று ரொட்டி வாங்கி வந்து, சாவியோடு கதவின் முன் நின்றேன். முன்பு அந்த முகத்துக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு சாவியைத் திருப்புவேன். இந்த நிழலுக்குக் கண் இல்லை. முழங்கை மட்டும் தூக்கியபடியே இருக்கிறது. இன்னும் படம் எடுத்து முடிக்கவில்லை போல.

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டேன்.