வெள்ளிக்கிழமையும் வாசலில் நின்ற தொட்டி

அன்புள்ள டாக்டர்,

இன்று வியாழன். குப்பை வண்டி போய்விட்டது. வாசலில் வைத்த என் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைக்கும்போது உங்கள் ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டியவை மூன்று:

1. இந்த நாட்டில் முகம் பார்த்துப் பேசுவது அருகிவிட்டது.
2. துக்கத்துக்கும் இங்கே நேரம் குறித்துவிட்டார்கள்.
3. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று எவரும் கவனிப்பதில்லை.

பட்டியலைப் பார்த்துச் சிரிப்பீர்கள். இந்த டெக்சஸ் சுகர் லேண்டில் நம் ஏரியைச் சுற்றி ஏழு வருடம் சேர்ந்து நடந்தோம். "ஐசே, நீர் புலம்பேக்கையும் நம்பர் போட்டுத்தான் புலம்புவீர்" என்பீர்கள். நான் கோவையில் படித்த பொறியாளன். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ஓய்வு பெற்றவர். இந்த நாட்டைக் குறை சொல்ல விடமாட்டீர்கள். "மனுசர் எங்கையும் மனுசர்தான். கதவைத் தட்டிப் பாரும்."

முதலாவது. நேற்று மருந்துக்கடையில் ஒரு பெண்ணிடம் என் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அவள் திரையைக் காட்டினாள். அது என் பிறந்த தேதியை நான்கு முறை கேட்டது. அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

இரண்டாவது. உங்கள் இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் வீட்டிலிருந்தே வீடியோ லிங்கில் பார்த்தார்கள். உங்கள் மகள் பேசி முடிப்பதற்குள், அடுத்த குடும்பம் காத்திருக்கிறது என்று ஒருவர் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

மூன்றாவதுக்கு வருகிறேன்.

வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்கு முறுக்கு கொண்டுபோனேன். "அப்பா, டெக்ஸ்ட் பண்ணிட்டுப் போங்க. சும்மா போய் பெல் அடிச்சா இங்க யாருக்கும் பிடிக்காது" என்றான் மகன். நன்றாகவே கற்றுக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் நடக்க வரவில்லை. செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. இன்னும் இரண்டு அனுப்பினேன். மாலையில் உங்கள் வீட்டு வழியாகக் காரில் போனபோது, வியாழன் வைத்த தொட்டி அப்படியே நின்றது. வேகத்தைக் குறைத்தேன். மகள் வந்திருப்பாள், தூங்குவீர்கள், சொல்லாமல் போவது முறையில்லை என்று காரணங்களை வரிசைப்படுத்தினேன். போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை உங்கள் எதிர்வீட்டுக்காரர் உங்கள் கதவைத் தட்டினார். கையசைப்பதோடு சரி, ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று உங்களிடம் நான் குறை சொன்ன அதே தொப்பிக்காரர். இரண்டு நாளாகத் தொட்டி உள்ளே போகவில்லையே என்று பின்பக்கம் போய், கண்ணாடி வழியே பார்த்து, ஆம்புலன்ஸை அழைத்தவர் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் சிரித்தீர்கள். "தரையில கிடக்கேக்க மேசையில போன் அதிர்ந்தது கேட்டுது, ஐசே. நீர்தான் எண்டு தெரியும். மூண்டு தரம், என்ன?"

"ஆமாம் டாக்டர், மூன்று" என்றேன்.

அதன்பின் நான்கு நாள்தான் உயிரோடு இருந்தீர்கள். வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருவில் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். போன வாரம் ஒன்று நின்றிருந்தது. பத்து நிமிடம் யோசித்துவிட்டு மணியை அடித்தேன். கதவுக் கேமராவிலிருந்து ஒரு குரல், யார் என்று கேட்டது. "தொட்டி" என்றேன். வாசலில் நின்றதைக் கேமராவுக்குக் கை காட்டினேன். "ஓ, தேங்க் யூ" என்றது. கதவு திறக்கவில்லை.

ஆகவே முதலாவதை மாற்றிக்கொள்ள மாட்டேன், டாக்டர். மூன்றாவது தவறு. கவனிக்கிறவர் எதிர்வீட்டிலேயே இருந்தார். கவனித்தும் காரை நிறுத்தாமல் போனவன் நான்.