வீட்டுத் தொழிலைச் சொல்லாதே என்றேன்

1974 ஜூலை 12, வெள்ளி

மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்குப் போன ரோஸ்லின் இன்று மாலை அவள் அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். அந்த மாமாவும் என் அப்பாவைப் போலச் சங்கு குளிக்கிறவர்.

இரண்டு மாதமாக அவளை ஆங்கிலத்தில் பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தது நான்தான். அங்கே கேட்டது வேறு. தண்ணீருக்குள் மூச்சை அடக்கினால் உடம்புக்கு என்ன ஆகும்? தமிழிலேயே சொல்லலாம் என்றார்களாம். இவள் வாயே திறக்கவில்லை.

மாமா மகளைப் பார்த்துச் சிரித்தார். "ஏளா, எங்கிட்ட கேட்டிருந்தா காது அடைக்கதுல இருந்து கண்ணு இருட்டுத வரைக்கும் சொல்லிருப்பேனே. சீட்டை எனக்கே குடுத்திருப்பாங்க."

"பயத்துல மறந்துட்டேன்பா," என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவள் மறக்கவில்லை. "வீட்டுத் தொழிலைப் பத்தி ஒண்ணும் சொல்லாதே, மட்டமா நெனைப்பாங்க" என்று சொல்லி அனுப்பியது நான். பி.எஸ்ஸி. படித்த மூன்று வருடமும் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்றே சொல்லி வந்தேன். என் கூச்சத்தையும் பாடத்தோடு சேர்த்து அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

கிளம்பும்போது மாமா, "இவ தங்கச்சி அடுத்த வருசம் பி.யு.சி. போறா. அவளுக்கும் நீயே சொல்லிக் குடும்மா," என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையைத்தான் ஆட்டினேன்.

அப்பா உள்ளே தூங்குகிறார். மூச்சை அடக்கினால் என்ன ஆகும் என்று நானும் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.