ஆளுக்கொரு பூட்டு

என் வசந்தி மச்சாளுக்கு,

நீ சொன்னதுதான் சரி. நீ இருக்கும்போதே இதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் இரண்டு மாதம் கழித்துச் சொல்கிறேன். வேண்டியமட்டும் சிரித்துக்கொள்.

களுவாஞ்சிக்குடி முகாமில் நாம் இருவரும் எழுதிய புரோகிராமைத்தான் சொல்கிறேன். ஷெல்லடியில் சிதறிய குடும்பங்களைத் தேடிச் சேர்க்கும் பதிவு. இரண்டு கணினியில் இரண்டு பேர் பதிய, ஒவ்வொருவர் வேலையையும் தனித்தனியாகச் செய்ய ஆளுக்கொரு திரெட் உள்ளே ஓடும். மகளைத் தேடிய தங்கம்மாவின் பெயர் மட்டும் மூன்று தடவை பதிந்தும் காணாமல் போனது. ஒரு திரெட் ஊர்ப் பட்டியலை எடுத்து அவர் பெயரைச் சேர்ப்பதற்குள், மற்றதும் அதே பழைய பட்டியலை எடுத்து வேறொரு பெயரைச் சேர்க்கும். பிந்தி எழுதியது நிற்கும், முந்தியது அழியும்.

ஒன்று பட்டியலை எடுத்தால் மற்றது காத்திருக்கட்டும் என்றுதான் நான் புரோகிராமில் பூட்டுப் போட்டேன். அப்படியும் அழிந்தது.

“ரெண்டு திரெட்டும் தனித்தனிப் பூட்டு வெச்சிருக்குகா. அது பூட்டே இல்ல” என்றாய்.

“பூட்டெண்டா பூட்டுத்தான். உன்ட வேலயப் பாரு” என்றேன்.

மாமாவின் மகளிடம் தோற்பதா என்ற வீம்பு எனக்கு. மறுநாள் நீ காய்ச்சலில் படுத்துவிட்டாய். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முகாமில் குளிக்கிற மறைப்புக்கு இரண்டு வாசல் இருந்ததே. போன கிழமை, உள்ளே ஆள் இருக்கிற அடையாளமாக ஒரு வாசலில் துவாயைத் தொங்கவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தேன். மற்ற வாசலால் தங்கம்மா வந்து நிற்கிறார்.

“நான் துவாய் போட்டுட்டுத்தானே வாறன் புள்ள” என்றார்.

“நானும் போட்டுத்தான் இருக்கன்” என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, எனக்கு விளங்கிவிட்டது: ஆளுக்கொரு வாசலில் ஆளுக்கொரு துவாய், நீ சொன்ன அதே தனித்தனிப் பூட்டு. ஈரத்தலையோடு கணினிக்கு ஓடினேன்.

இப்போது பட்டியலுக்கு ஒரே பூட்டு. அது கிடைக்காத திரெட் வெளியே காத்து நிற்கும். எடுத்து, சேர்த்து, திரும்ப எழுதி முடித்த பிறகுதான் மற்றதற்கு வழி. பதிகிற இரண்டு பேரையும் பின்னேரம் வரை ஒரே நேரத்தில் தட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெயர்கூட அழியவில்லை மச்சாள்.

தங்கம்மாவை நாலாம் தடவை பதிந்தோம். நேற்று ஆரையம்பதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முன்பும் வந்து, தாயின் பெயர் இல்லையென்று திரும்பியவள். இந்த முறை பெயர் இருந்தது. தங்கம்மா பக்கத்துக் கட்டிடத்தில் சோற்றுக்கு நின்றார். இருவரும் கட்டிக்கொண்டு அழுத சத்தம் முகாம் முழுக்கக் கேட்டது. எனக்கு உன்னைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. யாரைக் கூப்பிட?

அடுத்த கிழமை மூன்றாவது கணினி வருகிறது. அதற்கும் இதே பூட்டுத்தான். புரோகிராமில் அந்தப் பூட்டுக்கு ‘வசந்தி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். இனி உன் அனுமதி இல்லாமல் எந்தத் திரெட்டும் பட்டியலைத் தொடாது. நான் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பெயரை ஒருவரும் மாற்ற விடமாட்டேன்.

உன்னிடம் தோற்ற சந்தோஷத்தில்,
உன் மாமி மகள் கோமளா