எந்த டப்பாவுக்கு எந்த மூடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எப்போதும் எழுதுகிற வரியை இந்த முறை மனசார எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால் மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, கடையில் லென்ஸ் துடைக்கும் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா ரொம்ப சாதுவாகிவிட்டாள், இப்படியே இருந்தால் நல்லது என்று போன மாதம் சொல்லிச் சிரித்தாய் இல்லையா? நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எனக்குப் பயம்தான், குட்டிம்மா. கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, கெட்டது எதுவும் இல்லை, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் உன் அம்மா மாதிரியே இல்லை. உப்புப் போட மறந்த காயைப் பரிமாறினேன். "நல்லாருக்குங்க" என்று சாப்பிட்டு முடித்தாள். என் சமையலை! எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பாள், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் பீரோவில் இருக்கும் நல்ல துணிகளை எல்லாம் உன் சித்திக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். உடம்பு தேறிவிட்டது, மனசு தேறக் கொஞ்ச நாளாகும், எந்தக் கவலையும் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தால், அந்த நேரம் பார்த்துத்தானா வீட்டில் பூச்சி பிடிக்க வேண்டும்?

முதலில் அடுப்படி பல்பைச் சுற்றி ஒரு சின்ன அந்துப்பூச்சி பறந்தது. அது பாட்டுக்குப் பறக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அரிசி டப்பாவைத் திறந்தால் கறுப்புக் கறுப்பாக வண்டு ஊர்கிறது. கோதுமை மாவுக்குள் கையை விட்டால் நூல் நூலாகக் கூடு கட்டி, உள்ளே புழு. ஐயோ என்று ஆகிவிட்டது. வினை என்னுடையதுதான். அம்மா பழையதைத் தனியே எடுத்துவைத்து, டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அதற்கப்புறம்தான் புதுசைக் கொட்டுவாள். நான் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பழையதன் தலையிலேயே புதுசைக் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய் அந்த வண்டை நன்றாகப் பார்த்தேன். நீளமாக மூக்கு இருந்தது. பார்த்து என்ன செய்ய, அதன் மூக்கில் கண்ணாடியா மாட்ட முடியும்?

அவளுக்குத் தெரியாமல் முடித்துவிடுவது என்று இறங்கினேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் யோசனை கேட்டேன். புழு வைத்ததைத் தூக்கிப் போடுங்க, நல்லா இருக்கிற மாவைக் கட்டி ஃப்ரீசரில் வையுங்க, அரிசியைக் காயப்போடுங்க என்றார். அப்படியே செய்தேன். அரிசியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அலமாரியின் இடுக்கையெல்லாம் பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துச் சுரண்டினேன். சாமான் உருட்டுகிற சத்தம் கேட்டுப் படுக்கையிலிருந்தே அம்மா என்னங்க என்றாள். சும்மா துடைக்கிறேன் என்றேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். அவள் அடுப்படியை நான் தலைகீழாகப் புரட்டுகிறேன், அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை! வண்டைவிட அந்த "சரி"தான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களை எல்லாம் காலி செய்து, மூடிகளையும் சேர்த்து வெந்நீரில் கழுவி, ஒரே குவியலாகக் கவிழ்த்து வைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நம் வீட்டு டப்பாக்களைத்தான் உனக்குத் தெரியுமே. எல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவும் பவுடர் டப்பாவும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் நசுங்கியது. ஒன்றின் மூடி இன்னொன்றில் ஏறாது. ஏறினாலும் இடைவெளி இருக்கும், பூச்சி ராஜா மாதிரி உள்ளே போகும். நானும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். ஒரு மூடி கைநழுவி டமார் என்று விழுந்து, வீடு முழுக்க உருண்டு ஓடியது.

உள்ளேயிருந்து ஒரு குரல். "அது பருப்பு டப்பா மூடிங்க! அதைப் போய் சீனி டப்பாவுல வச்சு இடிச்சா எப்படி ஏறும்?"

சத்தத்தை வைத்தே சொல்கிறாள், பார்! சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே எழுந்து வந்தாள். வாசற்படியில் நின்று அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மாடியிலிருந்து கொண்டுவந்த அரிசியில் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். பிடித்தாள் பார் ஒரு பிடி! "உச்சி வெயில்லயா காயப்போட்டீங்க? நிழல்ல உலர்த்தணும்னு தெரியாது? எல்லாம் உடைஞ்சு நொய்யாப் போச்சே! ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்க, சொந்த வீட்டுல புழு பெருகுறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?" டீச்சரம்மாதான் சொன்னாங்க என்று இழுத்தேன். "அவங்க வீட்டுல எப்படி வண்டு வரும்? அவங்க எங்க சமைக்கிறாங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிரித்தால் அதற்கு வேறு தனியாக வாங்க வேண்டுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியைத் துடைத்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூடிகளைக் கையால் தடவித் தடவி ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். அலமாரித் தட்டில் விரித்திருந்த காகிதத்தைக் கிழிக்கச் சொன்னாள். கிழித்தால், கூடு முழுக்க அதற்கடியில்தான் இருந்தது. நான் இத்தனை நாளும் அதன் மேலேயே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

எல்லாம் முடிந்ததும், பழையபடி ஒரு மூட்டை அரிசி சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "மூட்டையா வாங்கி வச்சாத்தான் வண்டு வருது. மாசாமாசம் கொஞ்சமா வாங்கிக்கலாங்க. பேத்தி வர்றப்போ அவளுக்குக் கஞ்சிக்குன்னு தனியா நல்ல அரிசி பார்த்து வாங்கணும்" என்றாள். மாசாமாசம் என்றாளே, குட்டிம்மா! ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாளைக்கு என்ற பேச்சே எடுத்ததில்லை. அடுப்படி மூலையில் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இனி உனக்கும் திட்டு வரும். குழந்தைக்கு ஏன் காதை மூடவில்லை, ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறாய் என்று ஆரம்பிப்பாள். எனக்கு எல்லாம் தெரியும்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. பேசாமல் வாங்கிக்கொள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேத்திக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நல்லா இருக்கணும். லீவு கிடைத்தால் ஒரு வாரமானாலும் வந்துவிட்டுப் போ, குட்டிம்மா. டிக்கெட் போட்டதும் வருகிற தேதியை என்னிடம் சொல்லாதே, அவளிடம் சொல். அவள் நாள் எண்ணிக்கொண்டு இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா