புஷ்பம் அக்காவின் ஜெபம்

மார்ச் 9, ஞாயிறு

மகள் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க மணியாச்சியிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாம் கூடி வந்த மாதிரிதான் இருந்தது. வந்தவர்கள் புறப்படும் முன் ஜெபிப்பது வழக்கம் என்பதால், சபையின் ஜெபக்குழுத் தலைவி புஷ்பம் அக்காவை அழைத்திருந்தோம். போன வருடம் என் மனைவி அழுதுகொண்டே அவரிடம் மட்டும் ஒன்றைச் சொல்லியிருந்தாள்.

எல்லோரும் கண்ணை மூடினோம். அக்கா உருகினார்.

"ஆண்டவரே, எங்க பிள்ளை எப்போதும்வென்றான் ஊர்ல ஒரு புறஜாதிப் பையனை நேசிச்சு வழிதப்பிப் போனாளே, அவளை மீட்டெடுத்தீரே, ஸ்தோத்திரம்!"

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். கிறிஸ்தவன் அல்லாத அவனை எங்கள் சொல்லுக்காக விட்டவள் அவள். ஆனால் ஜெபத்தை நடுவில் நிறுத்தும் வழக்கம் கோவில்பட்டியில் எந்தச் சபையிலும் இல்லை. அக்கா அடுத்துப் புறங்கூறும் நாவுகளின் மனந்திரும்புதலுக்காகவும் மன்றாடினார். எல்லோரும் ஆமென் சொன்னோம்.

அடுக்களையில் வைத்துக் கேட்டேன்: "ஏங்க்கா இப்படிச் செஞ்சீங்க?"

"நான் மனுஷங்ககிட்டயா சொன்னேன் தம்பி? கர்த்தர்கிட்டல்லா சொன்னேன்!" அக்காவின் முகத்தில் அத்தனை சமாதானம்.

மாப்பிள்ளையின் தாயார் செருப்பை மாட்டிக்கொண்டே, "பிள்ளைக்காக நாங்களும் ஜெபிச்சுக்கிடுதோம்" என்றார். நிச்சயத்துக்கு நாள் பார்ப்பது பற்றிப் பேச்சே இல்லை.

ஸ்டெல்லா அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. கதவைத் தட்டினால், "தூங்குதேன்பா" என்கிறாள்.