ஐந்து பிளக்கைக் கழற்றியவன் எழுதுவது

மேசைமேல் ஒயர்கள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் நீ கட்டிய நூல். சிவப்பு, பச்சை, மஞ்சள். எந்த ஒயர் எந்தப் பெட்டிக்குப் போகும் என்று நான் குழம்பிவிடுவேன் என்பதற்காக, கள்ளக்குறிச்சியில் உன் தையல் சாமான் கடையிலிருந்து எடுத்துவந்து கட்டியவை. தூசி படிந்து இப்போது எல்லாம் ஒரே நிறம்.

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பாட்டு செட்டைக் கழற்றிவிட்டேன். ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப், ஈக்வலைசர், கேசட் டெக், சி.டி. பிளேயர் எல்லாம் பரணுக்குப் போய்விட்டன. அந்த இடத்தில் ஒரே ஒரு பெட்டி, இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர். எல்லா வேலையையும் அதுவே பார்க்கிறது, பாட்டு போனிலிருந்து வருகிறது. நன்றாகவும் பாடுகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரே பெட்டி போதும் என்று நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை. சென்னைக்கு பஸ் ஏறிப் போய் இருவரும் ஒரே மாதிரி செட் வாங்கினோம், உன் வீட்டுக்கு ஒன்று, வடக்கனந்தலில் என் வீட்டுக்கு ஒன்று. "சாமான் தனித்தனியா இருந்தாத்தான்டா சத்தத்துல சண்டை வராது" என்பாய். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கடையைச் சாயங்காலம்வரை பூட்டிவிட்டு வண்டியில் வருவாய். அடுத்த வெள்ளி நான் உன் வீட்டுக்கு. உட்காரும் முன்பே அலமாரிக்குப் பின்னால் தலையை விட்டு எதையாவது பிடுங்கி வேறெங்காவது மாட்டுவாய். "இப்ப எப்படிடா கீது?" என்பாய். "பிரமாதம்டா" என்பேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை.

செட்டைப் போடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாய். முதலில் ப்ரீ, கடைசியில் பவர். அணைக்கும்போது தலைகீழ். ஒரு பொங்கலன்று என் மனைவி பவரை முதலில் போட்டுவிட்டாள். டொம்மென்று ஒரு சத்தம், வலது ஸ்பீக்கர் கிழிந்தது. நீ அவளைத் திட்டவில்லை. ஆனால் அவள் முகத்தையே பார்க்காமல் ஸ்பீக்கரைக் கையால் தடவிக்கொண்டிருந்தாய், அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்த அலமாரியைத் தொட்டதே இல்லை. "நம்ம வூட்ல ஒரு பாட்டு கேக்கணும்னா உங்க பிரண்டுக்கு போன் போடணுமா?" என்று மட்டும் எப்போதாவது கேட்பாள். கல்வராயன் மலைப்பக்கம் இடி இடித்தால் மரவள்ளிக் காட்டிலிருந்து ஓடிவந்து ஐந்து பிளக்கையும் நான்தான் பிடுங்க வேண்டும்.

போன வாரம் புதுப்பெட்டி வந்தது. அவளே பட்டனை அழுத்தினாள், அவளே பாட்டைத் தேடிப் போட்டாள், சமையற்கட்டிலிருந்தே சத்தமாகச் சேர்ந்து பாடினாள். இத்தனை வருடம் இந்தக் குரலை விட்டுவிட்டு அல்லவா நாம் சத்தத்தின் சுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் உன் மனைவி வந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்ததைச் சொல்ல இனிப்போடு வந்திருந்தார். நீ மாட்டித் தந்த செட்டை ஒரு வருடத்தில் தூக்கிப் போட்டவன் என்று நினைப்பாரே என்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் புதுப்பெட்டிமேல் போட்டேன். அந்த நேரம் பார்த்து அது பாடிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணே, பாடுறத மூடி வெச்சிக்கினு கீறீங்க?" என்று துண்டை அவரே எடுத்தார். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிட்டார்.

"அவருக்கும் இந்த மாதிரி ஒண்ணு வாங்கணும்னு ரெண்டு வருசமா ஆசைண்ணே. முதுகுவலி ஜாஸ்தியாகி, குனிஞ்சி ஒயர் மாட்ட முடியல. வாங்கிக்கோங்களேன்னு நானும் சொன்னேன். 'நான் மாத்துனா அவன் மனசு ஒடிஞ்சிரும், எனக்கோசரம்தான் அத அப்படியே வெச்சிக்கினு கீறான்'னு சொல்லிட்டாரு. ஒவ்வொரு தபா நீங்க பிரமாதம்னு சொன்னதும் வூட்டுக்கு வந்து அதயே சொல்லிச் சொல்லி சந்தோசப்படுவாரு."

கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி இனிப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

அவர் கிளம்பிய பிறகு ரொம்ப நேரம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். முதுகு வலியோடு என் வீட்டு அலமாரிக்குப் பின்னால் குனிந்திருக்கிறாய், எனக்குப் பிடிக்கும் என்று. நானோ உனக்குப் பிடிக்கும் என்று 'பிரமாதம்' என்று சொல்லியிருக்கிறேன். யாராவது ஒருவன் வாயைத் திறந்திருந்தால் கடைசி இரண்டு வருட வெள்ளிக்கிழமைகளில் நீ சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கலாம்.

பெட்டியை மாற்றியதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உன்மேல் இந்தக் கோபம் மட்டும் இருக்கிறது, அதை விடுவதாகவும் இல்லை. என் மனசு ஒடிந்துவிடும் என்று பயந்து முதுகை ஒடித்துக்கொள்ள எனக்கு இனி யார் இருக்கிறார்கள்?